எதைப் போலவும் இல்லாத பூச்சி

ட்ரவுட் மீனுக்காகத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் வைத்துக் கட்டுகிற பொய்ப்பூச்சிகளில் பாமர் ஒரு வகை. தமிழ்க் காதுக்குப் ‘பாமரன்’ மாதிரி கேட்கும். ரசிகர்கள் அதை நடத்துவதும் அப்படித்தான். எந்த நிஜப் பூச்சியின் சாயலும் இல்லையாம். மீன் என்ன அருங்காட்சியகமா நடத்துது?

நகல் துல்லியமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு ஓடைகளில் ஊறியது. மிதக்கும் பூச்சிகளைக் கட்டுவது பற்றி ஹால்ஃபர்டின் புத்தகம் 1886இல் வந்தது. தெளிந்த தண்ணி, நிதானமான ஓட்டம். மீன் நின்று பார்த்துத்தான் வாயைத் திறக்கும். அங்கே அது நியாயம். அதே சட்டத்தை ஸ்காட்லாந்து ஏரிக்கு ஏன் தூக்கிட்டுப் போகணும்? அங்கே காற்றோடு நகரும் படகு, புரளும் அலை, ஒரே நரம்பில் மூன்று பூச்சிகள். கம்புக்கு அருகில் இருப்பது அலைமுகட்டைக் கீறிக்கொண்டே வரும். பாமரின் இடம் அது. உடல் நெடுக சேவல் இறகைச் சுருளாகச் சுற்றுவது தண்ணியைக் கலக்கத்தான், அழகுக்கு இல்லை.

அந்த மெல்லிய கம்பியைப் பாருங்கள். இறகுக்கு எதிர்த்திசையில் ஓடி, தண்டை ஒவ்வொரு சுற்றிலும் அமுக்கிப் பிடிக்கிறது. மீனின் பல் ஓரிடத்தில் அறுத்தாலும் மிச்சம் அவிழாது. இது முரட்டு வேலையா?

பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நெருக்கிச் சுற்றி விற்கிற கடைச்சரக்குக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சுற்றுகளுக்கு நடுவே உடல் தெரியணும். கறுப்பு உடல், கறுப்பு இறகு, வெள்ளிக் கம்பி, வாலில் துளி சிவப்புக் கம்பளி: ஜூலு என்பார்கள். அது எந்தப் பூச்சியின் நகல் என்று ஹால்ஃபர்டின் பேரர்கள் சொல்லட்டும்.