பீச்சாங்கைக்கு ஒரு மௌஸ்

பேரன் இடக்கைக்காரன். கம்ப்யூட்டரில் விளையாட, இரண்டு கைக்கும் பொதுவான மௌஸ் கேட்டான். ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கலாம் என்று அழைத்துப் போனேன்.

கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்து, “ரெண்டு கைக்கும் ஆகும் சார்” என்றார். உருவம் என்னவோ சமம்தான். பக்கவாட்டுப் பொத்தான்கள் மட்டும் இடப்புறத்தில், அதாவது வலக்கைக்காரரின் கட்டைவிரலுக்கு. இடக்கையால் பிடித்தால் அவை சுண்டுவிரல் பக்கம் போய்விடுகின்றன. இது எந்த ஊர்ப் பொது?

“பழகிக்குவான் சார்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் படிப்புப் படித்த காலத்தில், இடக்கையால் எழுதியதற்கு விரல் முட்டியில் ரூலர் அடி வாங்கிப் ‘பழகிக்கொண்டவன்’ நான். பிரெஞ்சில் ‘கோஷ்’ என்றால் இடது. கைத்திறமை இல்லாதவன் என்றும் பொருள். சோற்றுக்கை, பீச்சாங்கை என்று பிரித்த நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல.

இடக்கைக்காரர் சிலர்தானே என்பார்கள். பத்தில் ஒருவர், ஐயா! ஆபீசில் பத்தில் ஒருவருக்குச் சம்பளம் நிறுத்தினால் சும்மா இருப்போமா?

முடியாத காரியமும் இல்லை. 2018-இல் வந்த லாஜிடெக் ‘ஜி புரோ வயர்லெஸ்’ மௌஸில் பக்கப் பொத்தான்களை எந்தப் பக்கமும் கழற்றி மாட்டலாம். வந்தபோது விலைதான் 150 டாலர். இடக்கைக்காரன் என்றால் பணக்காரனாகவும் பிறக்க வேண்டுமா?

பக்கப் பொத்தானே இல்லாத சாதா மௌஸ் ஒன்றை வாங்கி, விண்டோஸ் அமைப்பில் இடது வலது கிளிக்கை மாற்றிக் கொடுத்தேன்.

பேரப்பிள்ளைக்கு வாங்கப் போகிறீர்களா? அட்டையை நம்பாதீர்கள். அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். கையை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.