இயங்குதளத்துக்கும் மனதுக்கும் முடிச்சுப் போடலாமா?

லினக்ஸ்காரர் ஒதுங்கி வாழ்பவர், ஆப்பிள் வாங்குபவர் பகட்டுக்காரர், விண்டோஸை விடாதவர் புதுமைக்கு அஞ்சுபவர் என்ற பேச்சு வெகுகாலமாக உலவுகிறது. இப்போது மனச்சோர்வு, பதற்றம் என்ற சொற்களும் அதில் சேர்ந்துகொண்டன. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது. பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சிறு பட்டறையில் விண்டோஸ் இருந்தால், கணக்கு எழுதும் டேலி அதில் ஓடுகிறது என்பதுதான் காரணம். சூளைத் தொழிலாளி ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் காரணம் விலை. இதில் குணத்துக்கு வேலையே இல்லை.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் கணினி கிடைத்தது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. இரண்டையும் உள்ளே வைத்தது கணினிகளை வாங்கிய அரசு நிறுவனமான எல்காட்டின் டெண்டர். மாணவர்களின் மனப்போக்கை யாரும் கேட்கவில்லை. ஒரே கணினியில் பாடத்துக்கு ஒன்றையும் படம் பார்க்க மற்றொன்றையும் திறந்த மாணவியை எந்த ரகத்தில் சேர்ப்பது?

தொடர்பு உண்டென்று ஆய்வுகளே சொல்கின்றனவே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். 2016இல் பிரிட்டன் உளவியலாளர்கள் ஐபோன், ஆண்ட்ராய்டு பயனர்களை ஒப்பிட்டார்கள். ஆண்ட்ராய்டுகாரர்களிடம் நேர்மைக் குணம் சற்றுக் கூடுதல் என்றும், ஐபோன்காரர்களில் பெண்களும் இளையவர்களும் அதிகம் என்றும் கண்டார்கள். அவை கூட்டத்தின் சராசரிகள். தனி ஒருவரின் மனதைச் சொல்பவை அல்ல. அவர்கள் ஆராய்ந்ததும் குணத்தைத்தான், நோயை அல்ல. அதைவிட முக்கியம், விரும்பியதை வாங்க வசதி உள்ள இடத்தில்தான் வாங்கிய பொருள் விருப்பத்தைக் காட்டும். வசதி இல்லாத இடத்தில் அது வருமானத்தைத்தான் காட்டும். வருமானமும் கடனும் மனநலத்தோடு நெருங்கிய தொடர்புள்ளவை. எனவே இங்கே ஒரு கணக்கெடுப்பில் இயங்குதளத்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு தெரிந்தாலும், வறுமையின் கணக்கை மென்பொருளின் தலையில் எழுதியதாகவே அது முடியக்கூடும்.

கணினி மனதைப் பாதிக்காதா என்றால், பாதிக்கும். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி நாளில் கணினி உறைந்து நின்றால் எவருக்கும் பதற்றம் வரும். அது வேலைச்சுமை தரும் பதற்றம். ஆளின் இயல்பு அல்ல.

இந்த முத்திரைகளை விளையாட்டு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனநலச் சிக்கல் உள்ளவர்களில் சிகிச்சை பெறாதவர்கள், நோய்க்கு ஏற்ப, சுமார் 70 முதல் 92 சதவீதம் என்று தெரியவந்தது. தூக்கமில்லாமல் தவிக்கும் இளைஞரை ‘லினக்ஸ்காரர் அப்படித்தான்’ என்று சொல்லி நகர்ந்துவிட்டால், மருத்துவரிடம் போகச் சொல்ல வேண்டிய ஆளும் அவருக்கு இல்லாமல் போகிறார். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. அந்த எண்ணை அவரிடம் சொல்ல அவர் எந்தக் கணினி வைத்திருக்கிறார் என்று தெரிய வேண்டியதில்லை.