குற்றாலத்து விடுதிகளும் இரவுப் பூட்டும்

சாரல் காலம் வந்துவிட்டால் குற்றாலத்திலும் அதனை அடுத்த தென்காசியிலும் தங்க இடம் கிடைப்பது அரிது. குடும்பம் குடும்பமாக வரும் ஜனங்கள் விடுதி மாடிகளில் நெருங்கிப் படுக்கிறார்கள். இரவானதும் மாடிப்படியின் அடியிலுள்ள இரும்பு மடிப்புக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காவற்காரன் உறங்கப்போவது, யாத்திரை ஸ்தலங்களில் நாம் காணும் வழக்கம். அது திருடனுக்கு அஞ்சிப் போடும் பூட்டு. தீப்பற்றினால் அது தடுப்பது திருடனையல்ல.

தேசியக் கட்டட விதித் தொகுப்பின் 2016-ஆம் வருஷப் பதிப்பு ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. வெளியேறும் கதவை உள்ளிருப்போர் சாவியின்றித் திறக்க முடிய வேண்டும். வெளியிலிருந்து வருவோனைத் தடுக்கலாகாதென்று அவ்விதி சொல்லவில்லை. உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும் குறுக்குத் தண்டு பொருத்திய கதவுகள் உலகெங்கும் உள்ளன. 1883-இல் இங்கிலாந்தில் சண்டர்லாந்து நகரத்து மண்டபமொன்றில், ஒவ்வொரு பிள்ளையாக வெளிவரும்படி கதவைத் தாழிட்டிருந்ததால் 183 குழந்தைகள் நெரிந்து மாண்டனர். அதற்குப் பின்னரே அந்தத் தண்டு தோன்றிற்று.

நம் தேசத்தில் பாடம் குறைவா? 1997 ஜூன் 13-இல் தில்லி உபகார் சினிமாக் கொட்டகையில் 59 பேர் புகையில் மூச்சடைத்து இறந்தனர். பால்கனியில் ஒரு வழியை ஆசனங்கள் போட்டு அடைத்திருந்ததும், கதவுகள் தாழிடப்பட்டிருந்ததும் விசாரணையில் வெளியாயின. 2001 ஆகஸ்டு 6-இல் நமது ஏர்வாடியில் மனநோயாளர் 28 பேர் சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்தபடியே வெந்து மடிந்தனர். அந்நிய ஆட்சியில் பழியைச் சர்க்கார்மீது போட்டுவிட்டு இருந்துவிடலாம். இன்று விதி செய்தவர்களும் நாமே, மீறுகிறவர்களும் நாமே.

உபகாரிலும் கதவுகள் இல்லாமலில்லை. அதிகாரிகள் பகலில் வந்து பார்த்தால் எந்தக் கதவும் திறந்தே கிடக்கும். பூட்டு ஏறுவது இரவில். ஆகவே ஜில்லா கலெக்டரும் தீயணைப்பு இலாகாவும் சாரல் நாட்களில், நள்ளிரவில், முன்னறிவிப்பின்றிச் சோதனைக்குச் செல்ல வேண்டும். மேல்மாடியிலிருந்து இறங்கி, யாரையும் எழுப்பாமல் தெருவுக்கு வர முடிகிறதா என்று பார்ப்பதே போதும். முடியாத விடுதிக்கு, தண்டுக் கதவு வைக்கும்வரை அனுமதியை நிறுத்திவைக்கலாம். அதற்கான செலவு ஒரு சாரல் வாரத்து வசூலுக்குப் பெரிதன்று.

தங்க வருவோரும் அறைச் சாவியை வாங்கும்பொழுதே, கீழ்க்கதவின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்று கேட்கலாம்.