கருவி என்னுது, சாவி யாருது?

எங்க குருசுக்குப்பத்தில் ஒருத்தர் ஃபைபர் படகு வாங்கினால், அதில் எந்த இஞ்சின் போடுவது என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். பழைய இஞ்சின் மக்கர் பண்ணினால் கழற்றிவிட்டு வேற கம்பெனி இஞ்சினை மாட்டுகிறார். படகு விற்றவர் கரையில் வந்து நின்றுகொண்டு "என்னைக் கேட்காம மாத்தக் கூடாது" என்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை :-)

ஆனால் கையடக்கக் கருவிகள் விஷயத்தில் இதையேதான் வாயை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

நேரு வீதியில் பழைய சாமான் விற்கும் கடையில், விசைப்பலகையோடு வந்த சின்ன ஆண்டிராய்டு கருவி ஒன்று வாங்கினேன். நிரல் எழுதிப் பழகவும், கட்டுரை தட்டவும் மடிக்கணினி வாங்க வசதியில்லாதவனுக்கு அது போதும். ஆண்டிராய்டு ஒரு பக்கம் இருக்கட்டும், பக்கத்திலேயே டெபியன் லினக்ஸும் இருக்கட்டும் என்பதுதான் திட்டம். பூட்லோடர் திறக்கவில்லை. தயாரித்த கம்பெனி (பெயர் வேண்டாம்) அந்த மாடலுக்குப் புதுப்பிப்பு கொடுப்பதையும் நிறுத்திவிட்டது, திறக்க வழியும் தரவில்லை. கருவி நல்லாத்தான் இருக்கு. சாவி மட்டும் என்னிடம் இல்லை.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? ஆண்டிராய்டுக்கு அடியில் ஓடுவதே லினக்ஸ் கெர்னல்தான். அது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் இருப்பதால், கருவியை விற்பவர் கெர்னலின் மூலநிரலைக் கேட்பவருக்குத் தந்தாக வேண்டும். சரி, தந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதை நான் திருத்தி என் கருவியிலேயே ஓட்டப் பார்த்தால், "இதில் எங்கள் கையெழுத்து இல்லை" என்று பூட்லோடர் மறுக்கிறது. சமையல் குறிப்பைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்பங்கரையைப் பூட்டி வைப்பது மாதிரி. இந்தத் தந்திரத்தைத் தடுக்கத்தான் 2007-ல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. லினக்ஸ் கெர்னல் அதற்கு மாறவில்லை. ஓட்டை அப்படியே நிற்கிறது.

"இரண்டையும் ஒன்றாக வைப்பதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு மூன்று உதாரணம்.

2008-ல் வந்த முதல் ஆண்டிராய்டு போன் ஜி1. அதில் இழுத்துத் திறக்கும் விசைப்பலகை இருந்தது. வந்த சில வாரங்களிலேயே ஆண்டிராய்டைக் கலைக்காமல் அதற்குள் டெபியனை ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் உள்ளே நுழைந்தது கம்பெனி விட்ட பிழை ஒன்றின் வழியாக! சொந்த வீட்டுக்குள் ஜன்னல் வழியாகக் குதித்த கதை.

2012-ல் நம் மத்திய அரசு மாணவர்களுக்கென்று ஆகாஷ் 2 பலகைக் கணினியைக் கொண்டுவந்தது. அதிலிருந்த ஆல்வின்னர் ஏ13 சில்லு முதலில் எஸ்டி கார்டைத்தான் பார்க்கும். ஐஐடி பம்பாயில் அந்த வழியைப் பயன்படுத்தி, கார்டைச் செருகினால் குனு/லினக்ஸ், எடுத்துவிட்டால் ஆண்டிராய்டு என்று செய்துவிட்டார்கள். 512 எம்பி நினைவகம் கொண்ட மலிவான பலகையில்!

2018-ல் லண்டனின் பிளானட் கம்ப்யூட்டர்ஸ் அனுப்பத் தொடங்கிய ஜெமினியில் முழு விசைப்பலகை உண்டு. சேமிப்பகத்தைப் பிரித்து ஆண்டிராய்டையும் டெபியனையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொள்ள கம்பெனியே வழி சொன்னது. அதிலும் குறை இருந்தது. டெபியன் ஓடியது ஆண்டிராய்டுக்காக வந்த 3.18 கெர்னலில். அது 2014-ல் வெளியானது. சில்லுக்காரர்கள் இயக்கிகளின் மூலநிரலைத் தராதவரை இந்தக் குறை தீராது. ஆனால் குறையோடு இருந்தாலும், கதவு திறந்திருந்தது.

ஆக, தொழில்நுட்பம் தடையில்லை. மனசுதான் தடை.

எதிர்த்தரப்பு உடனே "பாதுகாப்பு" என்று ஆரம்பிக்கும். பூட்லோடர் திறந்திருந்தால் திருடன் உள்ளே வருவானாம். நியாயமான பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் முறையாகத் திறக்கும்போது கருவியிலுள்ள தகவல்கள் எல்லாம் அழிந்துவிடும்படிதான் ஆண்டிராய்டை வடிவமைத்திருக்கிறார்கள். திருடனுக்குக் கிடைப்பது வெறும் டப்பா. அதைவிட முக்கியம்: கூகுளின் பிக்சல் போன்களில் நம் சொந்தச் சாவியைப் பதிந்து பூட்லோடரை மறுபடி பூட்டிக்கொள்ளவும் முடியும். அதாவது, பூட்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சாவி வாங்கியவன் கையில் இருக்கட்டும் என்கிறோம். ஒரு கம்பெனியால் முடிவது மற்றவர்களால் ஏன் முடியாது?

"அதான் டெர்மக்ஸ் இருக்கே, அதில் லினக்ஸ் நிரல்களை ஓட்டு" என்கிறார்கள் சிலர். நானும் ஓட்டுகிறேன், நல்ல கருவிதான். ஆனால் அது ஆண்டிராய்டு வீட்டில் ஓர் உள்வாடகை அறை. வீடு பழசாகி ஒழுக ஆரம்பித்தால் உள்வாடகைக்காரனும் நனைய வேண்டியதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பிலிருக்கும் விதிப்படி, ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும். நம் ஊரில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று அரசு ஒரு தளம் திறந்தது. உதிரிபாகம், சர்வீஸ் பற்றிய பேச்சு வந்ததே நல்லது. ஆனால் திரையை மாற்றும் உரிமை மட்டும் போதாதுங்க. உள்ளே ஓடுவதை மாற்றும் உரிமையும் பழுதுபார்க்கும் உரிமைதான்.

கேட்பது ஒன்றே ஒன்று. புதுப்பிப்பை நிறுத்துகிற அன்றைக்காவது சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் கைகழுவிய கருவியில் ஒரு மாணவன் இன்னும் ஐந்து வருஷம் படிப்பான். கொடுக்க மாட்டேன் என்றால், பெட்டியின் மேல் "விற்பனைக்கு" என்று போடாதீர்கள். "வாடகைக்கு" என்று போடுங்கள். எத்தனை பேர் முழு விலை கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.