பலகை யார் படிக்க?

ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு லேசர் மிஷினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். ஒரு மரப்பலகை எனக்குப் பாடம் நடத்திவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் பல வருடம் சத்துணவு சமைத்த அம்மா போன மாதம் ஓய்வு பெற்றார். பழைய மாணவர்கள் சேர்ந்து, நன்றி சொல்லி ஒரு பலகை கொடுப்பதாக ஏற்பாடு. வாசகம் என் பொறுப்பு. கடையில் போய்ப் பார்த்தால், எழுத்தெல்லாம் வெறும் விளிம்புக் கோடு. உள்ளே கூடு. ‘நன்றி’யில் ன் மேல் இருந்த புள்ளி கடுகளவு வட்டம். கையில் வைத்துப் பார்க்க அழகு. நாலடி தள்ளி நின்றால் ஒன்றும் தெரியவில்லை.

கடைக்காரத் தம்பி பொறுமையாக விளக்கினார். கணினியில் நாம் கொடுக்கும் வெக்டார் எழுத்தில் இருப்பது விளிம்பு மட்டும்தான். அதை எப்படி எரிப்பது என்று மிஷினுக்குச் சொல்ல வேண்டும். ‘லைன்’ வைத்தால் லேசர் விளிம்பின் மேலேயே ஓடிச் சீக்கிரம் முடித்துவிடும். ‘ஃபில்’ வைத்தால் ஏர் ஓட்டுவது போல வரி வரியாகப் போய்வந்து உள்ளே நிரப்பும். வரிக்கு வரி 0.1 மில்லிமீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் உயர எழுத்துக்கு 100 வரி. நேரம் கூடும், காசும் கூடும். அன்று வேலை நெருக்கடி, லைன் வைத்துவிட்டார்.

அவர்மேல் குறை சொல்லமாட்டேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அம்மா 1990களில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர். இன்றும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அவருக்குப் புள்ளி தெரியாத பலகையைக் கொடுத்து என்ன பயன்?

பூவேலைக்கும் கோலத்துக்கும் வெட்டி எடுக்கும் வடிவத்துக்கும் லைன் சரிதான். படிக்க வேண்டிய எழுத்துக்கு ஃபில்தான் வேண்டும் என்பது என் கருத்து. அதிலும் ஒரு கவனம் தேவை. சில ஃபான்ட்டுகளில் எழுத்தும் துணைக்குறியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அவற்றை ஒரே வடிவமாக இணைக்காமல் ஃபில் கொடுத்தால், ஏறிய இடம் எரியாமல் வெள்ளையாக நின்றுவிடலாம். அதனால் முதலில் ஒரு துண்டு மரத்தில் ஒரே ஒரு சொல்லை எரித்துப் பாருங்கள்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு ஒன்று சொல்வார்கள்: கரும்பலகையில் எழுதியதும் கடைசி பெஞ்சில் போய் நின்று பார். லேசருக்கும் அதே விதிதான்.

கூடுதல் பணம் கொடுத்து ஃபில்லில் புதுப் பலகை செய்தோம். விழாவில் அந்த அம்மா ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவி, யார் உதவியும் இல்லாமல் முழுவதையும் சத்தமாகப் படித்தார்.

அடுத்த முறை பெயர்ப்பலகையோ ஷீல்டோ செய்யக் கொடுக்கும்போது, விலை கேட்பதற்கு முன் ‘லைனா, ஃபில்லா?’ என்று கேளுங்கள். யார் படிக்கப்போகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.