கரிசலில் மனை வாங்கும் முன்: பட்டா பார்த்தால் மட்டும் போதுமா?

சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி, உழாமல் கிடக்கும் கரிசல் காட்டில் இறங்கிப் பார்த்தால், வெடிப்புக்குள் கை நுழையும். அதே நிலம் ஐப்பசி மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெடிப்பு இருந்த தடமே தெரியாது. இந்த இரண்டு கோலத்தையும் பார்க்காமல், புரோக்கர் அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோவை நம்பி அட்வான்ஸ் போட்டுவிடுகிறவர்கள்தான் இப்போது அதிகம்.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை, ஊர்ப்பக்கம் ஒரு சொந்த வீடு. நியாயமான ஆசை. பட்டா, வில்லங்கம், டிடிசிபி அப்ரூவல் எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்கள். ஆனால் அப்ரூவல் பார்ப்பது சாலை அகலம், மனை அளவு, பொது இடம் போன்றவற்றைத்தான். அந்த மண் வீட்டைத் தாங்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

மண் ஏன் வெடிக்கிறது?

கரிசல் களிமண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் அதிகம். மெல்லிய தகடுகளாக அடுக்கியது போன்ற அமைப்பு. தண்ணீர் தகடுகளுக்கு நடுவே புகுந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மொத்த நிலமும் ஒரே சீராக ஏறி இறங்கினால் பெரிய தொல்லை இல்லை. வீட்டுக்கு நடு அடியில் ஈரம் அவ்வளவாக மாறாது. ஓரங்களில் மழைக்கு மழை, வெயிலுக்கு வெயில் மாறும். ஒரு மூலை எழும்பும், இன்னொன்று தாழும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இப்படி வருவதுதான். பூசி, பெயின்ட் அடித்தாலும் அடுத்த கோடையில் எட்டிப் பார்க்கும். இதற்குக் கொத்தனாரையும் சிமென்ட் கம்பெனியையும் திட்டிப் பிரயோஜனமில்லை.

ஆகவே மனையைப் பார்ப்பதற்கு முன்னால், பக்கத்திலுள்ள பத்து வருஷப் பழைய வீடுகளைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் கதவு இறுகுகிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். மனையின் மேல்மண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கரிசலின் மேல் சில லோடு கிராவல் அடித்துப் பரப்பினால், பார்வைக்குச் செவல் காடு மாதிரிதான் இருக்கும். ஆறடிக் குழி தோண்டினால் உண்மை தெரியும்: மேலே கரிசல், கீழே சுக்கான், அதற்கும் கீழே பாறை என்று அடுக்கு கண்ணில் படும்.

அரசிடமே ஒரு துப்பு இருக்கிறது. நிலத்தின் அ-பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். அதில் ‘மண் வயனமும் தரமும்’ என்றொரு கட்டம் எண்களோடு இருக்கும். நிலவரி போடுவதற்காக அந்தக் காலத்தில் வகுத்தது அது. கட்டடத்துக்கான சான்று இல்லை. ஆனாலும் வீடு வாங்குகிறவர் கண் அந்தப் பக்கம் போவதே இல்லை.

மண்ணெண்ணெய் சோதனை

மண் எவ்வளவு உப்பும் என்று பார்க்க இந்தியத் தர நிர்ணயத்தில் எளிய சோதனை உண்டு. பொடித்துச் சலித்த மண்ணில் 10 கிராம் தண்ணீரிலும், 10 கிராம் மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. தண்ணீரில் போட்டது ஒன்றரை மடங்குக்கு மேல் நின்றால், சாதாரண அஸ்திவாரத்தை மறந்துவிட வேண்டியதுதான். அப்படிப்பட்ட இடத்துக்கு ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை ‘அண்டர் ரீம்டு பைல்’. அடியில் குமிழ் போல விரிந்த தூணை, ஈரம் மாறாத ஆழத்தில் ஊன்றுவது. ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்கிறது தர விதி. செலவு கூடும்தான். அது முன்கூட்டியே தெரிந்தால் மனை விலையில் பேரம் பேசலாம். பத்திரம் முடிந்த பிறகு யாரிடம் பேசுவது?

தோட்டம் போடுகிறவர்களுக்கு வேறு பரிசோதனை. மண்வள அட்டைத் திட்டம் 2015-ல் வந்தது. கார, அமில நிலை, உப்பின் அளவு, சத்துக்கள் என 12 அம்சங்களைச் சொல்லும். மேல்மண்ணை மட்டும் எடுத்துச் செய்வது என்பதால் அஸ்திவாரத்துக்கு உதவாது. கரிசல் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் செடிக்குக் கிடைக்காமல் இலை வெளுக்கும். நர்சரியில் கண்ணுக்கு அழகாக இருந்ததை வாங்கி நட்டுவிட்டு, உரம் மேல் உரம் போடுவது வீண். அருப்புக்கோட்டையிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிக்கு ஏற்ற சீத்தா ரகத்தையே அங்கிருந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு நடை போய்க் கேட்டால் குறைந்துவிடாது. வேம்பு வைப்பதாக இருந்தால் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அதன் வேர் கோடையில் அஸ்திவாரத்து ஈரத்தையும் உறிஞ்சும்.

இதையெல்லாம் வாங்குகிறவர் தலையிலேயே கட்டுவது சரியில்லை. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, கட்டி விற்ற வீட்டில் கட்டமைப்புக் குறை தெரிந்தால் ஐந்து ஆண்டுவரை கட்டியவர் பொறுப்பு. மனை மட்டும் வாங்கித் தானே வீடு கட்டுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது. விருதுநகர் மாவட்டம் போன்ற கரிசல் பகுதிகளிலாவது, மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்கும்போதே இரண்டு மூன்று இடத்தில் துளையிட்ட மண் அறிக்கையைக் கட்டாயமாக்க வேண்டும். வரைபடத்தோடு அதையும் ரெரா பக்கத்தில் ஏற்ற வேண்டும். மொத்த லேஅவுட்டுக்கும் ஒரே தடவை ஆகிற செலவு அது. இன்று ஒவ்வொரு குடும்பமும் அதைத் தனித்தனியாக, பெரும்பாலும் விரிசல் விட்ட பிறகு செய்கிறது.