கைத்திறனும் உறவும்

மழை பொய்க்கும் கரிசல் நிலத்தில் ஒரு தொழில்நகர் எழுந்தது எவ்வாறு? சிவகாசியின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு, ஊர்ப்புறத் தொழில் இரண்டு கால்களில் நிற்பது புலனாகும். ஒன்று கைத்திறன், மற்றொன்று உறவு.

1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் எனும் உறவினர் இருவர் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் வகையை நேரிற் கற்று மீண்டனர். பெரும்பொறிகள் இன்றியும் செய்ய இயன்ற தொழில் அது. குச்சியைச் சட்டத்தில் அடுக்குதலும் பெட்டி ஒட்டுதலும் கைவேலைகளாயின. ஒருவர் கற்றதைப் பலர் கண்டு கற்றனர். அடுத்து வெடித்தொழில் கிளைத்தது. பெட்டிமேல் ஒட்டும் வண்ணத்தாளின் தேவையால் அச்சுத்தொழிலும் தழைத்தது. ஒரு திறன் இன்னொரு திறனை ஈன்றது.

அத்திறனுக்கு ஊன்றுகோலாக நின்றது உறவின்முறை. வணிகர் தம் வணிகத்தில் ஒரு சிறு பங்கை மகமையாகப் பொதுவில் இட்டனர். அப்பணம் பள்ளிகளாகவும் பொதுநலப் பணிகளாகவும் மாறிற்று. அறிந்தவன் சொல்லே கடனுக்கு ஈடாகும் இடத்தில், ஏழையும் தொழில் தொடங்கலாம். ஏமாற்றுபவனோ ஊர்முன் நாணி நிற்பான்.

எனினும், நாம் மறைக்கலாகாத மறுபக்கமும் உண்டு. உறவு வேலியுமாகும். உள்ளிருப்பாரைக் காக்கும் அவ்வேலியே வெளியிலிருப்பாரைத் தடுக்கும். முதலும் விற்பனைத் தொடர்பும் உறவுக்குள்ளேயே சுழன்றமையால், கூலிக்குக் குச்சி அடுக்கிய பெண்டிருட் பலர் கடைசிவரை அடுக்குவோராகவே நின்றனர். ஏடு பிடிக்க வேண்டிய பிஞ்சுக் கைகளும் அவ்வேலையில் தேய்ந்தன. 1986இல் குழந்தையுழைப்புத் தடைச்சட்டம் வந்த பின்னரும் அவ்விழிவு உடனே ஒழிந்திலது. 2012இல் முதலிப்பட்டி வெடியாலையில் முப்பதின்மர்க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்தம் உழைப்பால் உயர்ந்த தொழிலில் அவர்க்கிருந்த உரிமை யாது?

இன்று நெகிழித் தீமூட்டிகள் தீப்பெட்டியை நெருக்குகின்றன. 20 உருபாவிற்குக் குறைந்த விலையுள்ள அயல்நாட்டுத் தீமூட்டிகளின் வரவை 2023இல் இந்திய அரசு தடுத்தது. தடை மட்டும் ஒரு தொழிலைக் காத்துவிடாது. குச்சி அடுக்குபவள் மருந்துக் கலவையையும் கணக்கையும் விற்பனையையும் கற்கட்டும். உழைப்போர் தமக்கென ஒரு மகமை தொடங்கிக் கூட்டுறவாய்த் தொழில் நடத்தட்டும்.

பிறப்பால் வரும் உறவு சிலரை உயர்த்தும். தொழிலால் வரும் உறவு ஊரையே உயர்த்தும். சிவகாசி முன்னதை மெய்ப்பித்துக் காட்டியது. பின்னதை மெய்ப்பித்தல் நம் கடன் அன்றோ?